கடைசி வார்த்தைக்கு நின்றவர்கள்

“படிச்சிருப்பாங்க மேடம். நல்லாத்தான் படிச்சிருப்பாங்க. கடைசி வார்த்தைக்கு நின்னிருப்பாங்க, அவ்ளோதான்.”

“எதுக்கு நிக்கணும்?”

“கரை வரணும்ல.”

தலைமை ஆசிரியை மஹாலட்சுமி மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். எதிரே நிற்கும் நாலாம் வகுப்பு டீச்சர் நௌஷீனைப் பார்த்தார். அப்புறம் மேசையில் கிடந்த தாளைப் பார்த்தார். நாலாம் வகுப்பு, இருபத்திநாலு பெயர். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே இரண்டு கட்டம். முதல் கட்டம் ‘வாசிக்கிறார்’, இரண்டாவது ‘வாசிக்கவில்லை’. இருபத்திநாலு டிக்கும் இரண்டாவது கட்டத்திலேயே மேலிருந்து கீழ் வரை ஒரே நேர்கோடாக இறங்கியிருந்தது.

“ஒருத்தருக்குக்கூட படிக்கத் தெரியலன்னு ஆய்வுக்கு வந்த மனுஷன் எழுதி வச்சிட்டுப் போயிருக்காரு. நீ கரை வரணும், கப்பல் வரணும்னு சொல்லிக்கினு இருக்கிற.”

வாசலில் அஞ்சாம் வகுப்பு வெங்கடேசன் சார் நின்றிருந்தார். கையில் போன். மதிய உணவு முட்டையைத் தட்டோடு படம் எடுத்து ஏற்ற வேண்டியது இன்றைக்கு அவர் முறை. சிக்னல் இந்த அறை வாசலில் மட்டும்தான் கிடைக்கும்.

“விடுங்க மா. போன வருஷம் என் வகுப்புல ஒன்பது பேருக்குப் படிக்கத் தெரியலன்னு எழுதினாங்க. நான் அதுக்கே ரெண்டு நாள் சோறு திங்கல. நீங்க ஒரே அடியா இருபத்திநாலு. மாவட்டத்துலயே முதல் இடமா இருக்கும்.”

“சார், கொஞ்சம் சும்மா இருங்க” என்றார் மஹாலட்சுமி.

நௌஷீனுக்கு அழுகை வரவில்லை. கோபமும் வரவில்லை. தலைக்குள் யாரோ மேசை நாற்காலியை இடம் மாற்றிப் போட்டதுபோல் இருந்தது. காலையில் ஒன்பதரைக்கு அந்தப் பிள்ளைகள் படித்தார்கள். பத்தரைக்கு அதே பிள்ளைகளுக்குப் படிக்கத் தெரியவில்லை. ஒரு மணி நேரத்தில் இருபத்திநாலு பேருக்கு எப்படி மறந்துபோகும்? கரைக்கு நின்றிருப்பார்கள் என்று சொன்னது வெறும் ஊகம்தான்.

அதைவிட ஆய்வு அதிகாரி கைலாசம் கிளம்பும்போது சொன்னதுதான் உள்ளே குத்திக்கொண்டே இருந்தது. அவர் கத்தவில்லை, முகத்தைச் சுளிக்கவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவை மூடிக்கொண்டே கேட்டார்: “உங்க வீடியோவ ஆசிரியர் குழுவுல பார்த்துட்டு ஆசையா வந்தேன் மா. அதுல பசங்க கடகடன்னு படிக்கிறாங்க. இங்க ஒரு வரிகூட முழுசா வரல. மனப்பாடம் பண்ண வச்சு எடுத்தீங்களா?” நாளை காலை பத்து மணிக்குள் எழுத்தில் விளக்கம் வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அந்த வீடியோ எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் எதுவும் புரியாது.

நௌஷீன் இந்த ஊர்ப் பெண்தான். அப்பா கலீமுல்லா பூட்டு, கீல், ஆணி விற்கும் கடை வைத்திருக்கிறார். ஊரில் பாதிப் பேர் பட்டு நெய்கிறார்கள் என்பது அவளுக்கு மூச்சு விடுவது மாதிரி தெரிந்த விஷயம். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் தறிக்குப் பக்கத்தில் நின்று பார்த்ததே இல்லை. ஜூன் மாதம் பள்ளி திறந்து இரண்டாவது வாரம், இளவரசி என்ற பெண் மூன்று நாளாக வரவில்லை. நௌஷீன் சின்ன காஞ்சிபுரத்தில் அவள் வீட்டைத் தேடிப் போனாள். பிள்ளைக்கு வெறும் காய்ச்சல்தான். ஆனால் அந்த முன்னறையை விட்டு நௌஷீனால் நகர முடியவில்லை.

இளவரசியின் அப்பா முத்துக்குமார் தறியில் உட்கார்ந்து சேலையின் உடலுக்கு, இழை சுற்றிய நாடாவைக் குறுக்கே விட்டார். பச்சை உடல். பக்கத்தில் அம்மா வள்ளி, அரக்குக் கரைக்கு மட்டும் தனி நாடா வைத்திருந்தார். முத்துக்குமார் ஒரு இழை விடுவார், நிற்பார். வள்ளி கரை இழையை விடுவார். உடனே அடுத்தது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை, ஒரு வார்த்தை பேசவில்லை. வள்ளி நடுவில் மூக்கைச் சொறிந்துகொண்டால்கூட முத்துக்குமாரின் கை அந்தரத்தில் நின்றது.

“அவரு ஏன் நிக்கிறாரு?” என்று நௌஷீன் கேட்டாள்.

“நான் கரை விடாம அவரு தாண்டிப் போனாருன்னா உடலும் கரையும் சேர்ற இடத்துல ஓட்டை விழுந்துரும் டீச்சர். அப்புறம் பிரிச்சுத்தான் எடுக்கணும். கோர்வைச் சேலைன்னா அப்படித்தான். நிக்கணும்.”

அவ்வளவுதான். நௌஷீன் வீட்டுக்கு நடந்து வரும்போதே எல்லாம் மண்டைக்குள் ஓட ஆரம்பித்துவிட்டது. அவள் வகுப்பில் பாதிப் பேர் படிப்பார்கள், மீதிப் பாதி படிப்பவர்களின் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். மறுநாளே பன்னிரண்டு ஜோடியாகப் பிரித்தாள். நன்றாகப் படிக்கும் பிள்ளை ‘உடல்’. தடுமாறும் பிள்ளை ‘கரை’. உடல் வரியைப் படிக்கும், கடைசி வார்த்தைக்கு முன்னால் நிற்கும். கரை அந்த ஒரு வார்த்தையைப் படிக்கும். அப்புறம்தான் அடுத்த வரி. கரை எவ்வளவு நேரம் எடுத்தாலும் உடல் காத்திருக்க வேண்டும். தாண்டினால் ஓட்டை.

பிள்ளைகளுக்கு விளக்கவே தேவைப்படவில்லை. நெசவு வீட்டுப் பிள்ளைகள் இதைச் சாப்பாட்டோடு சாப்பிட்டு வளர்ந்தவர்கள். மற்றவர்கள் பக்கத்து வீட்டில் பார்த்தவர்கள். யாராவது ஆர்வக் கோளாறில் கடைசி வார்த்தையையும் சேர்த்துப் படித்துவிட்டால் வகுப்பே “ஓட்டை, ஓட்டை” என்று கத்தும். படித்தவள் வெட்கத்தோடு வரியை முதலிலிருந்து ஆரம்பிப்பாள். ஆகஸ்டில் வேகம் வந்துவிட்டது. இரண்டு குரல் ஒரு குரலாகக் கேட்டது. நௌஷீன் வீடியோ எடுத்துக் குழுவில் போட்டாள். நாற்பது பேர் பூங்கொத்து அனுப்பினார்கள். வாலாஜாபாத்திலிருந்து ஒரு டீச்சர் போன் பண்ணியே விசாரித்தார்.

சரி, இன்றைக்கு என்னதான் நடந்தது? அதிகாரி வராந்தாவில் நாற்காலி போட்டு, பிள்ளைகளை ஒவ்வொருவராகத் தனியே கூப்பிட்டார். டீச்சர் பக்கத்தில் இருக்கக்கூடாது என்பது விதி. நௌஷீன் வகுப்பில் மற்றவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் போனார்கள், வந்தார்கள், உட்கார்ந்தார்கள். யாரும் எதுவும் சொல்லவில்லை.

மஹாலட்சுமியின் அறையிலிருந்து வெளியே வந்ததும் அவள் நேராகச் சாப்பாட்டு வரிசைக்குப் போய் இளவரசியைப் பிடித்தாள்.

“அந்த சார் இன்னா படிக்கச் சொன்னாரு?”

“தவளை கதை மிஸ். ‘காலையில் பெரிய மழை’ன்னு படிச்சேன். நின்னேன்.”

“அப்புறம்?”

“அவரு கரை சொல்லல.”

“அவரு எதுக்குமா சொல்லணும்?”

“அங்க வேற யாரும் இல்லியே மிஸ்.” இளவரசி தட்டை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றினாள். “நான் ரொம்ப நேரம் நின்னேன். ‘படி, படி’ன்னாரு. மறுபடி மொதல்லருந்து படிச்சு நின்னேன். அப்பவும் அவரு சொல்லல. பாவம், அவருக்குத் தெரியல போல.”

பின்னால் நின்றிருந்தவன் ஜாஹிர், இளவரசியின் ஜோடி. வீட்டில் உருது பேசும் பையன், வகுப்பில் குரலே எழாது. ஜூன் மாதம் வரை அவன் தமிழ் வாசித்து யாரும் கேட்டதில்லை.

“நீ இன்னா பண்ணே?”

“உக்காந்துக்கினு இருந்தேன் மிஸ்.”

“அவரு படிக்கச் சொன்னாரு இல்ல?”

“சொன்னாரு. ஆனா அவரு உடல் படிக்கவே இல்லியே.”

நௌஷீன் அப்படியே கைப்பிடிச் சுவரில் சாய்ந்தாள். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அவள் போட்ட விதியை இருபத்திநாலு பேரும் ஒரு இழை பிசகாமல் காப்பாற்றியிருக்கிறார்கள். பன்னிரண்டு பேர் கடைசி வார்த்தையைத் தொடாமல் அதிகாரிக்காகக் காத்திருந்தார்கள். பன்னிரண்டு பேர் அதிகாரி ஆரம்பிப்பார் என்று வாயைத் திறக்காமல் காத்திருந்தார்கள். அவர் பொறுமையாக டிக் போட்டுக்கொண்டே வந்திருக்கிறார்.

ஓடிப்போய் மஹாலட்சுமியிடம் சொன்னாள். அவர் முதலில் நம்பவில்லை. அப்புறம் இளவரசியையே கூப்பிட்டுக் கேட்டார். அப்புறம் போனை எடுத்து அதிகாரிக்குப் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, முழுக் கதையையும் சொன்னார். எதிர்முனையில் கைலாசம் சிரிக்க ஆரம்பித்தார். அடக்க முடியாத சிரிப்பு, நடுவில் இருமல் வேறு.

“எங்க அம்மா முப்பது வருஷம் கரை போட்டவங்க மேடம். எனக்கே உறைக்கல பாருங்க. ஒரு பொண்ணு என்னையே முறைச்சுப் பார்த்துச்சு. எதுக்கு முறைக்குதுன்னு நினைச்சேன். நான் கரை சொல்லலன்னு முறைச்சிருக்குது.”

“அப்ப அந்தத் தாளு?”

“கிழிச்சுப் போடுங்க. நான் இன்னும் ஆப்ல ஏத்தல. நாளைக்குக் காலைல புது தாள்ல டீச்சரையே போட்டுத் தரச் சொல்லுங்க, விளக்கத்தோட. இருபத்திநாலும் வாசிக்கிறார். வெள்ளிக்கிழமை மாவட்டக் கூட்டம் இருக்குது, நானே இதைச் சொல்றேன். டீச்சர் வந்து செஞ்சு காட்டட்டும்.”

மஹாலட்சுமி போனை வைத்துவிட்டு, காலையிலிருந்து தொடாத டீயை, ஆறிப்போனதென்று தெரிந்தும், எடுத்து ஒரே மடக்காகக் குடித்தார். “போ மா. போய் சாப்பிடு.”

இங்கேயே முடிந்திருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும். ஆனால் நௌஷீன் சும்மா இருக்கிற ஆள் இல்லை. மதியம் முதல் பாடவேளையில், வெறும் நிம்மதிக்காக, அதிகாரி செய்ததையே தானும் செய்து பார்க்கலாம் என்று நினைத்தாள். வராந்தாவில் நாற்காலி போட்டாள்.

“இன்னைக்கு ஜோடி கிடையாது. உடலும் நீங்கதான், கரையும் நீங்கதான். ஓட்டை விழாது. சரியா?”

உடல் பிள்ளைகள் பன்னிரண்டு பேரும் படித்துவிட்டார்கள். முதல் வரியில் மட்டும் பழக்கத்தில் நின்றார்கள், அப்புறம் ஓடினார்கள். கரைப் பிள்ளைகள் வந்தார்கள். முதல் மூன்று பேர் மெதுவாக, எழுத்துக் கூட்டி, ஆனால் முழுதாகப் படித்தார்கள். நௌஷீனுக்கு உச்சி குளிர்ந்தது. நாலாவது பிள்ளை வரியைப் பார்த்தது, நௌஷீனைப் பார்த்தது, வராந்தாத் தூணைப் பார்த்தது.

“படி மா.”

ஒன்றும் வரவில்லை.

நௌஷீன் தானே உடலைப் படித்தாள். “தவளை வகுப்புக்குள்...”

“வந்தது” என்றது பிள்ளை சட்டென்று.

தனியாக வராதது இப்போது எப்படி வந்தது? அவள் ஒரு தாளை எடுத்துப் புதிதாக ஒரு வரி எழுதினாள்: அம்மா அடுப்பில் சோறு எழுதினாள். தாளைப் பிள்ளை முன்னால் வைத்து, விரலை வைத்துக்கொண்டே படித்தாள். “அம்மா அடுப்பில் சோறு...”

“ஆக்கினாள்.”

“நல்லாப் பாத்து சொல்லு.”

பிள்ளை நன்றாகப் பார்த்தது. “ஆக்கினாள் மிஸ்.”

இத்தனை நாளும் இந்தப் பிள்ளை படிக்கவில்லை. கேட்டிருக்கிறது. கதை போகிற போக்கில் அடுத்து என்ன வரும் என்று கண்டுபிடித்துச் சொல்லியிருக்கிறது. ஒருநாள்கூட மாட்டிக்கொள்ளாத அளவுக்குத் திறமை. இதை எப்படித் திட்டுவது?

சாயங்கால மணி அடிப்பதற்குள் கணக்கு வந்துவிட்டது. கரைப் பிள்ளைகள் பன்னிரண்டு பேரில் ஆறு பேர் படித்தார்கள். ஐந்து பேர் அம்மாவைச் சோறு ஆக்க வைத்தார்கள். ஆக, பதினெட்டு பேருக்குத் தெரியும், ஐந்து பேருக்குத் தெரியாது. அதிகாரி போட்ட பூஜ்யமும் பொய், இப்போது போடச் சொல்லும் இருபத்திநாலும் பொய்.

பதினெட்டும் ஐந்தும் இருபத்திமூன்று. மீதி ஒருவன் ஜாஹிர்.

ஜாஹிரைத் தனியாக உட்கார வைத்தபோது அவனும் தூணைத்தான் பார்த்தான். ஒரு எழுத்துக்கூட வரவில்லை. நௌஷீன் உடல் படித்துக் காட்டினாலும் வாயைத் திறக்கவில்லை. அவன் பெயருக்கு எதிரே பென்சிலால் பெருக்கல் குறி போட்டுவிட்டாள். அப்போது இளவரசி தண்ணீர் பாட்டிலோடு அந்தப் பக்கம் வந்தவள், நின்று, “அவனுக்குத் தெரியும் மிஸ்” என்றாள்.

“தெரியலையே மா.”

“என்கூடத் தெரியும்.”

இளவரசி பக்கத்தில் உட்கார்ந்தாள். சோறு வரியை எடுத்தாள். “அம்மா அடுப்பில் சோறு...” என்று படித்து நின்றாள். ஜாஹிர் குனிந்து தாளைப் பார்த்தான். உதடு அசைந்தது. காத்திருந்தார்கள்.

“எழு... எழுதினாள்” என்றான். சொல்லிவிட்டுப் பக்கென்று சிரித்தான். “மிஸ், சோறை எப்படி எழுதுவாங்க?”

நௌஷீன் இன்னொரு வரி எழுதினாள். ‘யானை பேருந்தில் ஏறி முறைத்தது.’ இளவரசி நின்றாள், ஜாஹிர் “முறைத்தது” என்றான். இன்னும் மூன்று வரி, எல்லாம் தலைகால் புரியாத வரிகள். மூன்றும் சரி. இது ஊகம் இல்லை. கண்ணால் பார்த்துப் படிக்கிறான். இளவரசியை எழுப்பி வகுப்புக்கு அனுப்பிவிட்டு, அதே வரிகளைத் தனியாகக் கொடுத்தாள். தூண். இளவரசியைத் திரும்பக் கூப்பிட்டு, வாயைத் திறக்காமல் வெறுமனே பக்கத்தில் உட்காரச் சொன்னாள். ஜாஹிர் பாதி வரி வரை வந்தான். நின்றான். இளவரசியின் முகத்தைப் பார்த்தான்.

இவனுக்குப் படிக்கத் தெரியுமா, தெரியாதா?

முதலில் அவன் பயப்படுகிறான் என்று நினைத்தாள். உருதில் பேசி, சிரிக்க வைத்து, மறுபடி கொடுத்தாள். சிரித்தான், படிக்கவில்லை. கண்ணில் கோளாறோ என்று கரும்பலகையில் பெரிதாக எழுதிப் பார்த்தாள். பெரிய எழுத்தையும் அதே மாதிரி பார்த்துக்கொண்டு நின்றான். ஒருவேளை ஒரு வார்த்தை என்றால் அவனால் தாங்க முடிகிறது, ஒரு வரி முழுவதும் தன் தலையில் விழுந்தால் மூழ்கிவிடுகிறான். இல்லை, இளவரசியின் குரல்தான் அவனுக்குப் பிடிமானமோ? இல்லை, தானேதான் மூன்று மாதமாக அவனுக்கு ஒரு வார்த்தை போதும் என்று பழக்கிவிட்டாளா? மூன்றுமே சரி என்று தோன்றியது. வீட்டுக்குப் போகும் வழியில் மூன்றுமே தப்பு என்றும் தோன்றியது.

மறுநாள் ஒன்பது மணிக்குத் தாள் தயார். பதினெட்டு பெயருக்கு முதல் கட்டத்தில் டிக். ஐந்து பெயருக்கு இரண்டாவது கட்டத்தில். ஜாஹிருக்கு எதிரே ஒன்றுமில்லை.

மஹாலட்சுமி எண்ணிப் பார்த்தார். திரும்ப எண்ணிப் பார்த்தார்.

“அவரே இருபத்திநாலுன்னு சொல்றாரு. நீ எதுக்கு மா கொறைக்கிற?”

“தெரியலையே மேடம் அவங்களுக்கு. நேத்து நான்தான் பாத்தேன்.”

“எனக்குப் பூஜ்யம் போட்டாலும் போன் வரும். பதினெட்டு போட்டாலும் ‘மீதி ஆறு ஏன்’னு போன் வரும். இருபத்திநாலு போட்டா மட்டும்தான் யாரும் போன் பண்ண மாட்டாங்க. அந்த ஒரு நிம்மதிய நான் கேக்கக்கூடாதா? நீ அந்த அஞ்சு பேருக்கும் சத்தம் இல்லாம சொல்லிக் குடு. யாரு வேணாம்னா?”

“சத்தம் இல்லாமன்னா எப்ப மேடம்? தாள்ல ‘வாசிக்கவில்லை’ன்னு இருந்தாத்தான் அவங்களுக்கு அடிப்படைப் புத்தகம் வரும். தினம் ஒன்றரை மணி நேரம் தனி அறை, தனி டீச்சர் கிடைக்கும். இல்லன்னா நானும் மறந்துடுவேன். அடுத்த வீடியோ எடுக்கப் போயிடுவேன். என்னைப் பத்தி எனக்குத் தெரியும்.”

மஹாலட்சுமி ஜன்னல் பக்கம் திரும்பி, அங்கே பார்க்க ஒன்றும் இல்லாததால் மறுபடி தாளுக்கே வந்தார். “சரி, அஞ்சு” என்றார். அதைச் சொல்ல அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்பது நௌஷீனுக்குத் தெரிந்தது. கையெழுத்துப் போடும் பேனாவைத் திறந்தவர் அப்படியே நிறுத்தினார். “இது யாரு காலியா? ஜாஹிரா?”

“அவனுக்கு எதைப் போடறதுன்னு தெரியல.”

“தெரியலன்னா தெரியலன்னு போடு.”

“அப்படி ஒரு கட்டம் இல்லியே.”

வருகைப் பதிவை ஏற்ற வாசலுக்கு வந்திருந்த வெங்கடேசன் சார் எட்டிப் பார்த்தார். நௌஷீன் நேற்று நடந்ததை அவருக்கும் சொன்னாள். அவர் வழக்கம்போல் கிண்டல் பண்ணுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் பண்ணவில்லை.

“அடுத்த ஜூன்ல அவன் என்கிட்ட வருவான் மா. பரீட்சை ஹால்ல ஒரு பெஞ்சுல ஒருத்தன். அந்தப் பொண்ணு எங்கயோ உக்காந்திருக்கும். நீங்க ‘வாசிக்கிறார்’னு போட்டு அனுப்பினா நானும் வாசிக்கிறான்னுதான் நம்புவேன். அங்க போய் தூணப் பாப்பான். தெரியலன்னு போடுங்க. இப்பவே தனி அறைக்குப் போகட்டும்.”

“தனி அறைக்குப் போனா இளவரசி கூட உக்கார மாட்டான் சார். அவ முதல் கட்டம். அங்க அவளுக்கு இடம் கிடையாது.”

“அதனால?”

“அவன் படிக்கிறதே அவ கூட இருக்கும்போது மட்டும்தான்.”

வெங்கடேசன் சார் தலையைச் சொறிந்தார். “அப்ப தெரியும்னு போடுங்க.”

“தெரியும்னு போட்டா நீங்க சொன்ன பரீட்சை ஹால்.”

“ஆமால்ல” என்றார். போனில் வருகைப் பதிவு பாதியில் நின்றிருந்தது. அதைக்கூடக் கவனிக்காமல் நின்றுகொண்டிருந்தார்.

மஹாலட்சுமியின் மேசையில் போன் அடித்தது. கைலாசம்தான். மஹாலட்சுமி ஐந்து பேர் விஷயத்தை மென்று விழுங்கிச் சொன்னார். கைலாசம், “பரவால்ல. பதினெட்டுன்னாலும் கூட்டத்துல சொல்லலாம்” என்றார். குரலில் நேற்றைய சிரிப்பு இல்லை, ஆனால் கோபமும் இல்லை. ஜாஹிரைப் பற்றிச் சொன்னதும், “டீச்சர் கிட்ட குடுங்க” என்றார்.

“சார், ஜோடியா இருந்தா படிக்கிறான். தனியா படிக்கல. அப்படியே குறிப்புல எழுதட்டுமா?”

“குறிப்புக்கு இடமே இல்ல மா ஆப்ல. ரெண்டு கட்டம்தான். ஒண்ணு காலியா இருந்தாலும் மொத்த வகுப்பையும் ஏத்தாது, நானே நேத்து வேற ஸ்கூலுக்குப் பாத்தேன். ஏதாச்சும் ஒண்ணு போடுங்க.”

“எது சார் சரி?”

எதிர்முனையில் பேருந்து ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போகும் சத்தம் கேட்டது. “நான் அந்தப் பையன் முன்னால ரெண்டு நிமிஷம்தான் உக்காந்தேன் மா. நீங்க மூணு மாசமா உக்காந்திருக்கீங்க. எனக்கு எப்படித் தெரியும்? பத்து மணிக்கு நான் ஏத்தணும். அதுக்குள்ள சொல்லுங்க.”

மணி ஒன்பது நாற்பத்தைந்து. நௌஷீன் தாளை எடுத்துக்கொண்டு வகுப்புக்கு வந்தாள். பிள்ளைகள் ஜோடி ஜோடியாக உட்கார்ந்து புதுப் பாடத்தை ஆரம்பித்திருந்தார்கள். யாரும் சொல்லவில்லை, அவர்களாகவே. ஜாஹிர் புத்தகத்தின் மேல் குனிந்திருந்தான். இளவரசி ஒரு வரியைப் படித்துவிட்டு நின்றாள். அவன் உதடு அசைந்தது. அவள் அவசரப்படுத்தவில்லை, முகத்தைக்கூடத் திருப்பவில்லை. அவன் சொன்னான். அவள் அடுத்த வரிக்குப் போனாள்.

நௌஷீன் முதல் கட்டத்தில் பேனா முனையை வைத்தாள். எடுத்தாள். இரண்டாவது கட்டத்துக்குக் கொண்டுபோனாள். முதலில் வைத்தால் அவனுக்கு இளவரசி உண்டு, உதவி கிடையாது. இரண்டாவதில் வைத்தால் உதவி உண்டு, இளவரசி கிடையாது. பொய் எது என்று தெரிந்தால் மற்றதைப் போட்டுவிடலாம். இரண்டுமே பாதி உண்மையாக இருந்தால் என்ன செய்வது? பத்து மணிக்கு இன்னும் சில நிமிடங்கள்தான். மஹாலட்சுமி வராந்தாவில் போனைக் கையில் பிடித்துக்கொண்டு இவளையே பார்த்தபடி நிற்கிறார். இத்தனையும் படித்துவிட்டீர்கள், ஜாஹிரையும் பார்த்துவிட்டீர்கள். இப்போது பேனா உங்கள் கையில் இருந்தால் எந்தக் கட்டத்தில் டிக் போடுவீர்கள், ஏன், சொல்லுங்களேன்?